கப்பல்ல ஸ்பெஷாலிட்டி ரெஸ்டாரண்ட் ஃபுல்லுன்னு சொல்லிட்டா இன்னொரு டேபிள் எப்படி வாங்குறது

நவம்பர் பொறந்து கப்பல் சீசன் ஆரம்பிச்சதும் எங்க சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்ல ரெண்டு கேள்வி கண்டிப்பா வரும். டிக்கெட் எவ்ளோ ரேண்டுன்னு (தென்னாப்பிரிக்கா காசு) ஒண்ணு, கப்பல்ல அந்த காசு கட்டி சாப்பிடுற ரெஸ்டாரண்ட்ல எங்களுக்கு ஒரு ராத்திரிதான் டேபிள் கிடைச்சுது இன்னொரு ராத்திரி எப்படி வாங்குறதுன்னு இன்னொண்ணு. இத்தன நாளா ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய்ஸ் நோட் போட்டுட்டு இருந்தேன், இப்ப மொத்தமா எழுதி வச்சிடுறேன், யாருக்கு வேணுமோ படிச்சுக்கோங்க. நான் மதுரைப் பக்கம், கல்யாணம் ஆகி தென்னாப்பிரிக்கா டர்பன் வந்து 14 வருஷம் ஆச்சு, வீட்டுக்காரர் இங்கயே சாட்ஸ்வொர்த்ல பொறந்து வளந்தவர், அவங்க குடும்பத்தோட சேர்ந்து இதுவரைக்கும் 7 தடவ கப்பல்ல போயிருக்கேன், மூணு நாள் ட்ரிப்பும் உண்டு, ரெண்டு வாரம் போனதும் உண்டு.

முதல்ல ஒரு விஷயத்த மனசுல போட்டுக்கோங்க, மத்ததெல்லாம் இதுல இருந்துதான் வருது. ஃபுல்லுன்னு அவங்க சொன்னா டேபிளே இல்லன்னு அர்த்தம் இல்ல, நீங்க கேட்ட நேரத்துல நீங்க கேட்ட சைஸ்ல இல்லன்னுதான் அர்த்தம். எல்லாரும் ஏழுல இருந்து எட்டு மணிக்குள்ளதான் கேப்பாங்க, எல்லாரும் கடல்லயே இருக்குற நாள்தான் கேப்பாங்க, எல்லாரும் ஜன்னல் ஓரம்தான் கேப்பாங்க. நேரத்தையோ நாளையோ ஆள் கணக்கையோ, ஏதாவது ஒண்ண நீங்க விட்டுக்கொடுத்தா டேபிள் வரும். எதையுமே விடமாட்டேன்னு நின்னா வராது.

புதுசா போறவங்களுக்கு மட்டும் சுருக்கமா சொல்றேன். டிக்கெட் காசுலயே மெயின் டைனிங் ரூமும் பஃபேயும் அடங்கிடும். அது போக ஸ்டேக்ஹவுஸ், ஜப்பான் காரங்க தெப்பன்யாக்கி, சூஷி, இத்தாலியன்னு சின்ன சின்ன ரெஸ்டாரண்ட் இருக்கும், அதுக்குத்தான் ஸ்பெஷாலிட்டின்னு பேரு. ஆயிரக்கணக்குல ஆள் இருக்குற கப்பல்ல இந்த ரெஸ்டாரண்ட் ஒவ்வொண்ணுலயும் நூத்துச் சொச்சம் சீட்டுதான் இருக்கும், அதனாலதான் இந்த அடிதடி.

கம்பெனிக்கு கம்பெனி கணக்கு வேற வேற, இது தெரியாம போனா குழப்பம்தான். டர்பன்ல இருந்து மொசாம்பிக் பக்கம் போற எம்எஸ்சி கம்பெனி கப்பல்கள்ல இது இருந்தா தனிக்காசு, முன்கூட்டியே டைனிங் பேக்கேஜா வாங்கலாம் இல்ல கப்பல்ல ஏறின பிறகும் வாங்கலாம். கேப் டவுன்ல இருந்து மொரீஷியஸ் போர்ட் லூயிஸ் வரைக்கும் நார்வீஜியன் கம்பெனியோட நார்வீஜியன் டான் மாதிரி கப்பல் ஓடிருக்கு, அங்கயும் பேக்கேஜ் உண்டு, தனித்தனியாவும் காசு கட்டலாம். ஓஷியானியான்னு ஒரு கம்பெனி இருக்கு, அதுல ஸ்பெஷாலிட்டிக்கு எக்ஸ்ட்ரா காசே கிடையாது. ஆனா ஒரு ஆளுக்கு ஒரு ரெஸ்டாரண்ட்ல இத்தன தடவன்னு ஒரு கணக்கு வச்சிருப்பாங்க, நீங்க எடுத்த கேபின் வகையையும் எத்தன நாள் பயணம்ங்கிறதையும் பொறுத்து அது மாறும். காசு கேக்குற கப்பல்ல உங்க பிரச்சன நேரம், காசு கேக்காத கப்பல்ல உங்க பிரச்சன அந்தக் கணக்குக்கு மேல இன்னொண்ணு வாங்குறது. ரெண்டுக்கும் வழி கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

பேக்கேஜ் வாங்கினவங்க நிறைய பேரு ஏமாறுற இடம் ஒண்ணு இருக்கு. மூணு சாப்பாடு பேக்கேஜ் வாங்கியாச்சு, இனி எப்ப வேணா போய் உக்காரலாம்னு நெனச்சுக்குறாங்க. இல்லங்க. பேக்கேஜுங்கிறது சாப்பாட்டுக்கு கட்டின காசு, டேபிளுக்கு நேரம் புக் பண்றது வேற வேலை. பேக்கேஜ கையில வச்சுக்கிட்டு மூணாவது நாள் போய் கேட்டா ராத்திரி ஒம்பதே காலுக்குத்தான் இருக்குன்னு சொல்லுவாங்க, குழந்தைங்கள வச்சுக்கிட்டு ஒம்பதே காலுக்கு என்ன பண்றது. அதனால பேக்கேஜ் வாங்கின அன்னைக்கே, புக்கிங் திறக்குற தேதி எதுன்னு கேட்டு காலண்டர்ல போட்டு வைங்க. நார்வீஜியன்ல சாதாரண கேபினுக்கு கப்பல் கிளம்ப 120 நாள் முன்னாடி திறக்கும், சூட்னு பெரிய ரூம் எடுத்தவங்களுக்கு அதுக்கும் முன்னாடியே திறந்துடும். ஓஷியானியாலயும் அப்படித்தான், பெரிய ரூம் காரங்களுக்கு முதல்ல. அதனால நம்ம தேதி திறக்குறப்பவே சில நல்ல ஸ்லாட்டு போயிருக்கும், அதப் பாத்து பதறாதீங்க.

ஆன்லைன்ல முன்கூட்டி புக் பண்ணும்போது எத பண்றதுங்கறதுலயே பாதி வெற்றி இருக்கு. கிடைக்க கஷ்டமான ராத்திரிய முதல்ல பிடிங்க, ஈசியா கிடைக்கிறத கப்பல்ல போய் பாத்துக்கலாம். கஷ்டமானது எதுன்னா, நாள் பூரா கடல்லயே இருக்குற நாள், எல்லாரும் கோட்டு சூட்டு பட்டுன்னு உடுத்திட்டு வர்ற காலா நைட், அப்புறம் தெப்பன்யாக்கி எந்த நாளா இருந்தாலும். தெப்பன்யாக்கில ஒரு பெரிய சூடான இரும்புக் கல்ல சுத்தி உக்காரணும், சமையல்காரர் நம்ம முன்னாடியே சமைப்பார், எல்லாருக்கும் ஒரே நேரத்துல ஆரம்பிச்சு ஒரே நேரத்துல முடியும், அதனால ஒரு ராத்திரிக்கு விரல் விட்டு எண்ணுற அளவு ஷோதான், சீட்டும் ரொம்ப கம்மி. அதுல நடுவுல ஒரு ஆள் எந்திரிச்சு போனா கூட அந்த இடத்துல வேற ஆள உக்கார வைக்க முடியாது. தெப்பன்யாக்கிய மட்டும் கப்பல்ல போய் பாத்துக்கலாம்னு விடாதீங்க.

ஈசியானது முதல் ராத்திரி. கப்பல் ஏறின அன்னைக்கு எல்லாருக்கும் களைப்பு, பெட்டி வந்துச்சா இல்லையான்னு கவலை, மஸ்டர் டிரில்னு பாதுகாப்புப் பயிற்சி வேற, பஃபே எங்க இருக்குன்னு தேடவே நேரம் சரியா இருக்கும், அதனால ஸ்பெஷாலிட்டி பக்கம் கூட்டமே இருக்காது. சில கப்பல்ல அன்னைக்கு விலையும் கொறச்சு குடுப்பாங்க, வாசல்லயே ஆள் நின்னு கூப்பிடும். நான் எப்பவும் முதல் ராத்திரி ஒண்ண போட்டுடுவேன். அதுல இன்னொரு லாபம், அந்த ரெஸ்டாரண்ட் மேனேஜர் முகத்த நம்ம பாத்துடுறோம், அவரும் நம்மள பாத்துடுறார், அந்த வாரம் பூரா அது கை குடுக்கும்.

முன்கூட்டி புக் பண்ணினத போன்ல ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைங்க, முடிஞ்சா பேப்பர்லயும் பிரிண்ட் எடுத்துக்கோங்க. இத நான் பட்டுத்தான் சொல்றேன். ஒரு தடவ கிளம்ப பத்து நாள் இருக்கும்போது எங்களுக்கு பெரிய கேபினா மாத்திக் குடுத்தாங்க, சந்தோஷமா சரின்னுட்டோம். கப்பல்ல ஏறி ஆப்ப திறந்து பாத்தா நாங்க போட்டு வச்சிருந்த மூணு டின்னர்ல ரெண்டு காணோம். பழைய கேபின் நம்பர்ல இருந்தது புதுசுக்கு வரல. நான் கையில ஒண்ணும் எடுத்துட்டு வரல, இமெயில் திறக்க இன்டர்நெட் இல்ல, கவுண்டர்ல இருந்த பொண்ணு பாவம் அவ ஸ்க்ரீன்ல இல்லன்னா அவ என்ன பண்ணுவா. அன்னைக்கு எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. அதுக்கப்புறம் கேபின் மாறுனாலோ, தேதி மாறுனாலோ, ஏஜெண்ட் மூலமா பேர் திருத்துனாலோ, உடனே டின்னர் புக்கிங் இருக்கான்னு பாக்குறது என் வழக்கம்.

இப்ப முக்கியமான கட்டம், கப்பல் ஏறுற நாள். எல்லா டேபிளையும் ஆன்லைன்லயே வித்துட மாட்டாங்க, கப்பல்ல வந்து கேக்குறவங்களுக்குன்னு கொஞ்சம் ஒதுக்கி வச்சிருப்பாங்க, அது அன்னைக்கு மத்தியானம்தான் வெளிய வரும். அதனால டர்பன் நெல்சன் மண்டேலா டெர்மினல்ல செக்இன் நேரம் தேர்ந்தெடுக்கும்போது எவ்ளோ சீக்கிரம் முடியுமோ அவ்ளோ சீக்கிரம் எடுங்க. உள்ள போனதும் ஜனங்க நேரா பஃபேக்கு ஓடும், நீங்க ஓடாதீங்க, அரை மணி நேரம் பசிய பொறுத்துக்கோங்க, இல்லன்னா பையில ரெண்டு பூரி வச்சுக்கிட்டு டெர்மினல்லயே சாப்பிட்டுட்டு ஏறுங்க. போக வேண்டியது கெஸ்ட் சர்வீஸ் கவுண்டருக்கு இல்ல. அங்க க்யூ மைல் கணக்குல நிக்கும், நின்னு போனாலும் அவங்க கம்ப்யூட்டர்ல தெரியிற மட்டும்தான் சொல்லுவாங்க. நேரா அந்த ரெஸ்டாரண்ட் வாசலுக்கே போங்க, இல்லன்னா டைனிங் ரிசர்வேஷன்னு ஒரு மேசை போட்டிருப்பாங்க அங்க போங்க. ரெஸ்டாரண்ட் ஆளு கையிலதான் டேபிள் பிளான் இருக்கும், எத சேக்கலாம் எத பிரிக்கலாம்னு அவருக்குத்தான் தெரியும்.

என் அத்தையோட 70வது பொறந்தநாள் கதைய சொன்னா இது நல்லா புரியும். நாங்க 8 பேரு, நாலு கேபின். பொறந்தநாளு கடல்ல இருக்குற நாள்ல விழுந்துடுச்சு, ஆன்லைன்ல அன்னைக்கு ஸ்டேக்ஹவுஸ் முழுக்க சிவப்பா காட்டுச்சு, வேற நாள்ல ஒண்ணு மட்டும் போட்டு வச்சிருந்தோம். ஏறுன உடனே நானும் என் நாத்தனாரும் வாசலுக்கு போனோம். மேனேஜர் ஒரு பெரிய காகிதத்துல ரெஸ்டாரண்ட் படம் வச்சிருந்தார், ஒவ்வொரு டேபிளும் ஒரு கட்டம், பென்சில்ல மணி எழுதிருந்தது. எட்டு பேருக்கு ஏழரைக்குன்னு கேட்டேன், தலைய ஆட்டிட்டார். அப்ப என் நாத்தனார் கேட்டா, நாலு நாலா ரெண்டு டேபிள், ஆறு மணிக்கு, பக்கத்துல பக்கத்துல இருந்தா போதும்னு. அவர் பென்சில வச்சு ஓட்டிக்கிட்டே வந்தார், ஜன்னல் ஓரமா ரெண்டு கட்டத்துல நிறுத்தி, எட்டு மணிக்குள்ள எந்திரிச்சுடுவீங்களான்னு கேட்டார். ஏன்னா எட்டுக்கு ரெண்டுலயும் வேற பார்ட்டி இருந்துச்சு. எட்டு மணிக்குள்ள எந்திரிச்சுடுறோம்னு சொன்னோம், ரெண்டுலயும் 6ன்னு எழுதுனார், வேலை முடிஞ்சுது.

இதுல மூணு விஷயம் இருக்கு. பெரிய கூட்டத்த உடச்சு கேக்கணும், ஏன்னா நாலு பேர் டேபிள்தான் நிறைய இருக்கும், எட்டு பேருக்கு ஒண்ணோ ரெண்டோதான். சீக்கிரமா உக்காந்து சீக்கிரம் எந்திரிக்கிறோம்னு நாமளே முன்வரணும், அவங்களுக்கு அது தங்கம் மாதிரி, ஒரே டேபிள்ல ரெண்டு பார்ட்டிய உக்கார வைக்கலாம். அப்புறம் எங்க மாமாவுக்கு சுகர், ஆறரைக்கு சாப்பிட்டாத்தான் மாத்திரை சரியா இருக்கும், அதனால ஆறு மணிங்கிறது எங்களுக்கு நஷ்டமே இல்ல. வீட்ல பெரியவங்களும் குழந்தைங்களும் இருக்குறவங்க இந்த சீக்கிர ஸ்லாட்ட வெக்கப்படாம கேளுங்க, ஐரோப்பா காரங்க யாரும் ஆறு மணிக்கு சாப்பிட வரமாட்டாங்க.

அன்னைக்கு ராத்திரி ஜன்னல் ஓரமா உக்காந்துட்டு அத்த கடலையே பாத்துட்டு இருந்தாங்க, அவங்க பாட்டியோட அம்மா மெட்ராஸ்ல இருந்து இதே டர்பன் துறைமுகத்துக்குத்தான் கப்பல்ல வந்து இறங்குனாங்களாம் கரும்புத் தோட்ட வேலைக்கு. ட்ரூரோ கப்பல் முதல் தடவையா கூலி ஆளுங்கள ஏத்திக்கிட்டு இங்க வந்தது 1860 நவம்பர் 16. அத்தையோட ஆளுங்க அதுக்கப்புறம் வந்த ஏதோ ஒரு கப்பல். அவங்களுக்கு தமிழ் கோயில் பாட்டுல மட்டும்தான் வரும், அன்னைக்கு திருப்புகழ்ல ரெண்டு வரி மெதுவா பாடுனாங்க, எங்க டேபிள்ல எல்லாருக்கும் கண்ணு கலங்கிடுச்சு. அந்த ஒரு டேபிளுக்காக அரை மணி நேரம் பசியோட நின்னது எனக்கு பெருசாவே தெரியல.

எப்படி கேக்குறதுன்னு இன்னும் கொஞ்சம் சொல்றேன், ஏன்னா நம்மாளுங்க கேக்குற விதத்துலயே பாதி கெட்டுப்போகுது. இன்னைக்கு ஏழரைக்கு டேபிள் இருக்கான்னு கேட்டா இருக்கு இல்லன்னு ரெண்டு பதில்தான் வரும், பெரும்பாலும் இல்லதான். அதுக்கு பதிலா, இந்த வாரத்துல எந்த நாள் உங்களுக்கு கொஞ்சம் ஃப்ரீயா இருக்கு, எந்த நேரம்னாலும் பரவால்ல, நாங்க ரெண்டு பேர்தான்னு கேளுங்க. இப்ப அவர் உங்களுக்காக தேட ஆரம்பிச்சுடுவார். அப்பவும் இல்லன்னா கேபின் நம்பர குடுத்து, யாராவது கேன்சல் பண்ணினா எங்களுக்கு சொல்லுங்க, பத்து நிமிஷத்துல வந்துடுவோம்னு சொல்லி வைங்க. சொல்லிட்டு சும்மா இருக்காதீங்க, அடுத்த நாள் ஒரு தடவ எட்டிப் பாத்து வணக்கம் சொல்லிட்டு வாங்க. நச்சரிக்க வேணாம், முகம் ஞாபகம் இருந்தா போதும்.

ஆப் விஷயம். இப்பல்லாம் பெரும்பாலான கப்பல்ல புக்கிங் போன் ஆப்லயே பண்ணலாம், அதுக்கு இன்டர்நெட் பேக் வாங்கத் தேவையில்ல, கப்பல் வைஃபைல சேந்தாலே ஆப் ஓடும். போன ஏரோப்ளேன் மோடுல போட்டுட்டு வைஃபைய மட்டும் ஆன் பண்ணுங்க, இல்லன்னா கப்பலோட செல் நெட்வொர்க்ல மாட்டி வீட்டுக்கு வந்ததும் பில் பாத்து மயக்கம் வரும். ஆப்ல ஃபுல்லுன்னு காட்டுனா விட்டுடாதீங்க, காலைல ஒரு தடவ, மத்தியானம் ஒரு தடவ, சாயங்காலம் அஞ்சு மணி வாக்குல ஒரு தடவ பாருங்க. கேன்சல் பண்ண ஒரு கெடு வச்சிருப்பாங்க, அது தாண்டுனா காசு பிடிப்பாங்க, அதனால ஜனங்க அந்த கெடுவுக்கு கொஞ்சம் முன்னாடிதான் கேன்சல் பண்ணும். உங்க கப்பல்ல அந்த கெடு எப்பன்னு முதல் நாளே கேட்டு வச்சுக்கோங்க, அந்த நேரத்துக்கு போன் உங்க கையில இருக்கணும். நார்வீஜியன் கப்பல்கள்ல லிஃப்ட் பக்கம் அங்கங்க ஸ்க்ரீன் வச்சு எந்த ரெஸ்டாரண்ட்ல எவ்ளோ கூட்டம்னு காட்டுவாங்க, அது ரொம்ப உபயோகம், நடந்து போற வழியிலயே பாத்துக்கலாம்.

இந்த அஞ்சு மணி விஷயத்த எனக்கு சொல்லிக் குடுத்தது தூத்துக்குடி பையன் ஒருத்தன், கப்பல்ல வெயிட்டரா இருந்தான். நாங்க தமிழ்ல பேசுறத கேட்டுட்டு, அக்கா நீங்க ஊர்ல எந்தப் பக்கம்னு வந்து கேட்டான். மதுரைன்னதும் அவன் முகத்துல வந்த சிரிப்ப பாக்கணும், வீட்ட விட்டு ஏழு மாசம் ஆச்சாம். அவன்தான் சொன்னான், அக்கா சாயங்காலம் அஞ்சரைக்கு நாங்க கதவு திறக்குறதுக்கு முன்னாடி மேனேஜர் லிஸ்ட்ட சரி பண்ணுவார், யார் வரல யார் மாத்திட்டாங்கன்னு, அப்ப வந்து நின்னீங்கன்னா காலி இருந்தா முதல்ல உங்களுக்குத்தான். அப்படியே போய் நின்னோம், ரெண்டு நாள்ல ஒரு நாள் கிடைச்சுது. ஒண்ணு மட்டும் கேட்டுக்குறேன், நம்ம ஊர் பசங்க கப்பல்ல இருந்தா அவங்கள டேபிள் பிடிச்சுக் குடுன்னு கட்டாயப்படுத்தாதீங்க, அது அவங்க கையில இல்ல, அவங்க வேலைக்கு ஆபத்து. தகவல் கேளுங்க, அது போதும், அப்புறம் பேர் சொல்லி நல்லவிதமா ரெண்டு வரி எழுதி கப்பல் ஆஃபீஸ்ல குடுங்க, அவங்களுக்கு அது ரொம்ப உதவும்.

எந்த நாள் காலியாகும்ங்கறதுக்கு நம்ம பக்கத்து பயணத்துல ஒரு தனிக் கணக்கு உண்டு. டர்பன்ல இருந்து போற சின்ன ட்ரிப்புங்க பெரும்பாலும் மொசாம்பிக்ல இருக்குற போர்ச்சுகீஸ் ஐலண்டுக்கும் பொமேனேவுக்கும்தான் போகும், ரெண்டு இடத்துலயும் கப்பல் கரைக்கு போகாது, சின்ன போட்லதான் இறக்கி விடுவாங்க. வெயில்ல நாள் பூரா மணல்ல கெடந்துட்டு வந்த ஜனம் சாயங்காலம் செவந்து போய் படுத்துடும், அன்னைக்கு எட்டு மணிக்கு மேல உள்ள டேபிள்ல நிறைய பேரு வரமாட்டாங்க. ஐலண்டு அன்னைக்கு ராத்திரி எட்டரைக்கு போய் நில்லுங்க. ஆனா காத்து அடிச்சு அலை பெருசா இருந்தா அன்னைக்கு இறக்கவே மாட்டாங்க, இது அடிக்கடி நடக்குறது. அப்படி காலைல அறிவிப்பு வந்த உடனே மொத்த கப்பலும் என்ன பண்றதுன்னு யோசிக்கும், அந்த அஞ்சு நிமிஷத்துல நீங்க ஆப்ல டேபிள் போட்டுடணும், மத்தியானத்துக்கு மேல ஒண்ணும் இருக்காது.

நீளமான ட்ரிப்புல போனா, கப்பல் ராத்திரி லேட்டா கிளம்புற துறைமுகத்த பாத்து வைங்க. போர்ட் லூயிஸ்லயோ கேப் டவுன்லயோ கப்பல் ராத்திரி வரைக்கும் நின்னா பாதி பேரு வெளியதான் சாப்பிடுவாங்க. அன்னைக்கு ஸ்பெஷாலிட்டி காத்தாடும். கடல் நாள்லயும் ஒரு வழி இருக்கு, சில கப்பல்ல மத்தியான சாப்பாட்டுக்கும் ஸ்பெஷாலிட்டிய திறப்பாங்க, ராயல் கரீபியன் கம்பெனி கப்பல்ல சாப்ஸ் கிரில்ங்கிற ஸ்டேக்ஹவுஸ் அப்படி கடல் நாள்ல திறக்கும், விலையும் ராத்திரிய விட கம்மி. அதே சமையல், அதே ஆளுங்க. ராத்திரிதான் வேணும்னு இல்லாதவங்க இத முதல்ல கேளுங்க.

புக்கிங்கே இல்லாம நேரா போய் நிக்கிறதுலயும் தப்பில்ல. சொன்ன நேரம் தாண்டி கால் மணி நேரம் வரைக்கும் பாப்பாங்க, வரலன்னா டேபிள விட்டுடுவாங்க. அதனால ஏழு மணி ஸ்லாட்டுல ஆள் வரலன்னா ஏழே காலுக்கு அது உங்களுது. ரெண்டு பேரா போனா கிடைக்கும், ஆறு பேரா போய் நின்னா கிடைக்காது. பார் கவுண்டர்லயோ சூஷி கவுண்டர்லயோ உக்கார்றீங்களான்னு கேட்டா யோசிக்காம சரின்னுடுங்க, அதே மெனுதான் வரும்.

ஓஷியானியா மாதிரி கப்பல்ல இன்னொரு பெரிய வழி இருக்கு, முன்னப் பின்ன தெரியாதவங்களோட ஒரே டேபிள்ல உக்கார்றது. தனி டேபிளா, சேந்து உக்கார்றீங்களான்னு புக் பண்ணும்போதே கேப்பாங்க. தனி டேபிள், அதுவும் ரெண்டு பேருக்கான டேபிள்தான் முதல்ல தீரும். சேந்து உக்கார்றோம்னு சொன்னா ஆறு பேர் எட்டு பேர் டேபிள்ல ரெண்டு சீட்டு எப்பவும் எங்கயாவது இருக்கும். எங்க வீட்டுக்காரரோட அண்ணனும் அண்ணியும் ஓஷியானியால போனப்ப ரெட் ஜிஞ்சர்னு அந்த ஆசிய ரெஸ்டாரண்ட்ல அவங்க கணக்குக்கு மேல ரெண்டு தடவ சாப்பிட்டாங்க, ரெண்டும் இப்படித்தான். நாட்டிகா மாதிரி அவங்க சின்ன கப்பல்ல போலோ கிரில், டோஸ்கானான்னு ரெண்டே ரெண்டுதான், மரினா ரிவியரா மாதிரி பெரிய கப்பல்ல ரெட் ஜிஞ்சரும் சேரும், எல்லாரும் அதுக்குத்தான் அடிச்சுக்குவாங்க. எனக்கு தெரிஞ்சு நிறைய தமிழ் ஆளுங்களுக்கு அடுத்தவங்களோட உக்காந்து சாப்பிட கூச்சம், என்ன பேசுறதுன்னு. பிள்ளைங்கள பத்தி கேளுங்க, ஊர் பத்தி கேளுங்க, நேரம் போறதே தெரியாது.

அடிக்கடி போறவங்க மெம்பர்ஷிப் கார்ட எடுத்து பாருங்க, நிறைய பேரு பாக்குறதே இல்ல. எம்எஸ்சி வாயேஜர்ஸ் கிளப்ல டைமண்ட் இருந்தா ஸ்பெஷாலிட்டில ஒரு டின்னர் ஃப்ரீ, நார்வீஜியன்ல பிளாட்டினம் இருந்தா ரெண்டு பேருக்கு டின்னர் உண்டு. இது பேக்கேஜுக்கு மேல எக்ஸ்ட்ரா. ஆனா இதையும் நேரம் புக் பண்ணினாத்தான் ஆச்சு. சூட் எடுத்தவங்களுக்கு பட்லரோ கன்சியர்ஜோ இருப்பாங்க, நீங்க அலைய வேணாம், அவங்ககிட்ட சொல்லி விட்டுடுங்க.

சாப்பாடு விஷயத்துல நம்ம ஆளுங்களுக்கு தனியா ரெண்டு வார்த்த. மாட்டுக்கறி சாப்பிடாதவங்க ஸ்டேக்ஹவுஸ் நமக்கு எதுக்குன்னு விட்டுடுறாங்க. மீன், இறால், ஆட்டுக்கறி எல்லாம் அங்க இருக்கும், எங்க அத்த ஆட்டுச் சாப்ஸ்தான் சாப்பிட்டாங்க. சைவம்னா புக் பண்ணும்போதே சொல்லணும், உக்காந்த பிறகு சொன்னா உருளைக்கிழங்கும் கீரையும்தான் வரும், முந்தின நாளே சொன்னா தனியா செஞ்சு வைப்பாங்க. தெப்பன்யாக்கில சுத்த சைவம் இருக்குறவங்க கவனமா இருங்க, எல்லாருக்கும் ஒரே கல்லுதான், பக்கத்துல கோழியும் இறாலும் வெந்துட்டு இருக்கும். உள்ள கிச்சன்ல தனிச் சட்டியில செஞ்சு கொண்டு வர முடியுமான்னு கேளுங்க, முடியும்னு சொன்னா மட்டும் போங்க. அப்புறம் தைப்பூசம் சீசன் நடுவுலதான் வருது, காவடிக்கு பத்து நாள் விரதம் இருக்குறவங்க தேதிய பாத்துட்டு டிக்கெட் போடுங்க, பேக்கேஜ் வாங்கிட்டு பாதி சாப்பிட முடியாம போனா காசு திரும்ப வராது.

தேதின்னதும் இன்னொண்ணு, டிசம்பர் ஸ்கூல் லீவுல போனா எந்த வித்தையும் பாதிதான் பலிக்கும், கப்பல் முழுக்க குடும்பங்க, எல்லாரும் நாலு பேர் டேபிள்தான் கேப்பாங்க. ஸ்கூல் திறந்த பிறகு ஜனவரி கடைசிலயோ பிப்ரவரிலயோ போங்க, அதே ரெஸ்டாரண்ட்ல உங்கள உக்காருங்கன்னு கூப்பிடுவாங்க.

காசு கணக்கையும் பாத்துக்கோங்க. டாலர்ல விலை போட்டிருந்தா ரேண்டுல பெருக்கி பாத்துட்டு முடிவு பண்ணுங்க, நார்வீஜியன்ல அதுக்கு மேல 20 சதவீதம் சர்வீஸ் சார்ஜும் சேரும். ரெண்டு மூணு ராத்திரி ட்ரிப்புக்கு ஒரு டின்னர் போதும், பேக்கேஜ் வேணாம். பத்து ராத்திரிக்கு மேலன்னா மூணு நாலு போடலாம், மெயின் டைனிங் ரூம் அலுத்துடும். நீங்க போட்டு வச்ச எக்ஸ்ட்ராவுக்கு போக முடியலன்னா தயவுசெஞ்சு கெடுவுக்குள்ள கேன்சல் பண்ணிடுங்க. மூணு ரெஸ்டாரண்ட்ல ஒரே ராத்திரிக்கு போட்டு வச்சுட்டு அப்புறம் முடிவு பண்றவங்க இருக்காங்க, அது சரியே இல்ல, வெளிய எங்கள மாதிரி ஒருத்தர் அந்த டேபிளுக்குத்தான் நின்னுட்டு இருப்பாங்க.

கடைசி ராத்திரிய யாரும் கணக்குல வைக்கிறதில்ல. அன்னைக்கு பெட்டிய கட்டி கேபின் வாசல்ல வைக்கச் சொல்லுவாங்க, அதனால எட்டு மணிக்கு மேல எல்லாரும் ரூம்ல பெட்டி மேல உக்காந்து ஜிப்ப இழுத்துட்டு இருப்பாங்க. நீங்க மத்தியானமே பெட்டிய கட்டி வச்சுடுங்க, மறுநாள் போட்டுக்குற துணி, மாத்திரை, பாஸ்போர்ட் மட்டும் கைப்பையில. போன தடவ நானும் வீட்டுக்காரரும் எட்டே முக்காலுக்கு புக்கிங் இல்லாமத்தான் போனோம், மேனேஜர் எங்கள பாத்ததும் உள்ள கைய காட்டுனார், அத்தையோட பொறந்தநாளுக்கு உக்காந்த அதே ஜன்னல் ஓரம் ரெண்டு டேபிளும் காலியா இருந்துச்சு.